ஸ்பீக்கருக்கு வாயசைத்த பிள்ளைகள்

வியாழன், இரவு

ஸ்ரீராம்புரம் வரும்வரை பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

யுகேஜி பிள்ளைகளுக்கு ஒரு வாரமாக மழைப் பாட்டு சொல்லிக்கொடுத்தேன். மேசையில் விரலால் தட்டித் தூறல் சத்தம் எழுப்பிக்கொண்டே பாடுவார்கள். இன்று அதைப் பெற்றோருக்கு அனுப்ப வீடியோ எடுத்தோம். என் பயிற்சிக்கு மார்க் போடும் ஷீலா மிஸ், யாரோ பாடிய அதே பாட்டை ஸ்பீக்கரில் போட்டார்.

"வாய மட்டும் அசைங்க. சத்தம் வரக்கூடாது."

பூர்வி பழக்கத்தில் வாய்விட்டுப் பாடிவிட்டாள். "ஏய், வாய மூடு!" என்று அதட்டினார். குழந்தை தன் வாயைத் தானே பொத்திக்கொண்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்பீக்கரை அணைத்தேன்.

"நீங்களே பாடுங்க, கண்ணுங்களா."

பாடினார்கள். சுருதி எங்கெங்கோ போனது. ஆனால் அது அவர்கள் குரல். பூர்வி மட்டும் கையை எடுக்கவில்லை.

"ட்ரெய்னிங்ல இருக்கும்போதே இவ்ளோ திமிரா?" என்றார் ஷீலா மிஸ். மார்க்கைக் குறைத்தால் குறைக்கட்டும்.

பள்ளி விட்டதும் பூர்வியின் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கு மட்டும் பாடுறியா?" என்று கேட்டேன்.

"பேடா மிஸ்," என்று கன்னடத்தில் சொல்லித் தலையாட்டினாள்.

வேண்டாமாம். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பாட்டு வேண்டாமாம்.