வண்டிக்கு எது இடது

செப்டம்பர் 8, திங்கள்
என் வீட்டுக்காரர் அன்வருக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி இன்றோடு பத்து நாள். இன்னும் படுக்கைதான். ஸ்பேர் பார்ட்ஸ் கடையை நானே பார்க்கிறேன். மதுரை லோடில் ஜீப்புக்கு இரண்டு காலிப்பர் வந்தன. முன்சக்கரத்தைக் கவ்வி நிறுத்துகிற பிரேக் பாகம். ஒன்று இடது, ஒன்று வலது. எது எதுவென்று பெட்டியில் போடவில்லை. வாசலில் ஒரு ஜீப் என்னைப் பார்த்து நின்றிருந்தது. அதன் சக்கரங்களோடு ஒப்பிட்டு, என் இடது கைப்பக்கச் சக்கரத்தோடு ஒத்துப்போனதை இடது என்று பெட்டியில் எழுதினேன். அவரைக் கேட்காமல் ஒரு சோலி முடித்ததில் கொஞ்சம் பெருமைதான்.

செப்டம்பர் 11, வியாழன்
விஜயபாண்டி அண்ணன் இடது காலிப்பர் வாங்கிப் போனார். ஏலக்காய் எடுக்கும் பெண்களைத் தினமும் மலைமேல் போடிமெட்டுக்கு ஏற்றிப் போகிறவர். சாயங்காலமே மாட்டிவிடுவாராம்.

செப்டம்பர் 12, வெள்ளி
எழுத்து கோணலாக வருகிறது.

கடை திறக்கும்போதே விஜயபாண்டி அண்ணன் வாசலில் நின்றார். அடிவாரத்து முந்தலில், மலை ஏறும் முன்னால், பிரேக்கை மிதித்தால் கால் உள்ளே போய்க்கொண்டே இருந்ததாம். வண்டியில் பதினோரு பெண்கள். எல்லாரையும் இறக்கி வேறு ஜீப்பில் அனுப்பியிருக்கிறார்.

"பெட்டியில இடதுன்னு இருந்துச்சு, மாட்டிட்டேன். அது வலது, தங்கச்சி. காத்து எடுக்குற திருகு மேல இருக்கணும். இது கீழ போயிருச்சு. காத்து உள்ளயே நின்னுக்கிருச்சு, அதான் மிதிச்சாப் பிடிக்கல."

"நான்தான் எழுதுனேன், அண்ணே."

திட்டுவார் என்று நின்றேன். "இன்னொரு பெட்டியக் கொண்டாங்க. வெரசா போவோம்" என்றார்.

ஆட்டோவில் முந்தலுக்குப் போனோம். ஜீப்பில் டிரைவர் சீட்டில் என்னை உட்காரச் சொன்னார்.

"இடது கையத் தூக்குங்க. அந்தப் பக்கந்தான் வண்டிக்கு இடது. முன்னாடி நின்னு பாத்தா நமக்குத்தான் மாறும். வண்டிக்கு மாறாது."

அங்கேயே அழுதுவிட்டேன். "பதினோரு பேர்! மேல வளைவுல ஆகியிருந்தா? யா அல்லா... அவுக பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன்?"

"மலை ஏறலல்ல? விடுங்க. மாட்டுறப்ப நானும் பாத்திருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே சரியான காலிப்பரை மாட்டினார்.

செப்டம்பர் 13, சனி
மறைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. அன்வரிடம் எல்லாம் சொன்னேன். "கடைய மூடிருவோமா?" என்று நானே கேட்டேன்.

"எதுக்கு? இந்தத் தப்ப இனி நீ பண்ணவே மாட்ட."

செப்டம்பர் 22, திங்கள்
ஜீப் ஸ்டாண்டில் அண்ணன் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. இன்று இரண்டு டிரைவர்களைக் கடைக்கு அனுப்பியிருந்தார். அல்ஹம்துலில்லாஹ்.

அக்டோபர் 29, புதன்
அன்வர் இப்போது காலையில் கடையில் உட்காருகிறார். "ஒரு தடவ மேல போடிமெட்டுக்குப் போயிட்டு வாயேன்" என்றார். விஜயபாண்டி அண்ணனின் ஜீப்பிலேயே போனேன். என் பக்கத்தில் பொன்னுமணி அக்கா. ஏலக்காய் எடுக்கப் போகிறவர். அன்றைக்கு முந்தலில் இறங்கிய பதினோரு பேரில் அவரும் ஒருவர் என்று அண்ணன் முன்பே சொல்லியிருந்தார். என்னை அவருக்குத் தெரியாது.

ஒரு வளைவில் திடீரென்று எதிரே பஸ். அண்ணன் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது.

நான் கம்பியை இறுகப் பிடித்திருந்தேன். பொன்னுமணி அக்கா மகளுக்கு எடுத்த புடவையின் நிறத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தவே இல்லை.