கான் ஹொய் வீட்டு வழக்கு

சைகோன், 1931

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

கான் ஹொய் பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் நம் வீட்டைத் தனதென்று சொன்ன சேஷாசலத்தின் மேல் நீங்கள் போட்ட வழக்கு நேற்றுத் தள்ளுபடியாகிவிட்டது. நீங்கள் வருடக்கணக்காகக் கோர்ட்டுப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லையாம். "வழக்குப் போட்டவரே மறந்துட்டாரே, மதாம்" என்று கோர்ட்டுக் குமாஸ்தா சிரித்தார். நீங்களோ வுங் டாவில் கடற்காற்று வாங்குகிறீர்கள்.

இன்று காலையே சேஷாசலம் செருப்புக் காலோடு என் அடுப்படிக்குள் வந்து நின்றார்.

"பொறுமையா காலி பண்ணும்மா. உன் புருஷன் நல்ல மனுஷன், ஒரு தொந்தரவும் குடுக்கல."

அவர் மேல்கூட வராத அருவருப்பு எனக்கு உங்கள் மேல் வந்தது.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறேன். "எங்க போறோம்னு அப்பாவுக்கு எழுதலியா?" என்று மூத்தவள் கேட்டாள்.

"அவர் கேட்டா எழுதலாம்" என்றேன். அவள் துணி மூட்டையைக் கட்டத் தொடங்கினாள்.

இதுவரை உங்கள் மனைவி