ஃப்ரிட்ஜ்: மூன்று பாகங்களும் ஒரு ‘டேய்’யும்

மார்ச் 4

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: இன்று காலை எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் முதன்முறையாக வாய் திறந்து பேசியது. அது அருளிய வாக்கு: “கதவை மூடு. குளிருது.”

முட்டைகளுக்குப் பின்னால் உள்ளங்கை அளவு ஸ்பீக்கர். கூடத்தில், போர்வைக்குள், கைபேசியோடு நான். கதவைத் திறந்தவள் அக்கா. ‘ஆட்களைக் குறைக்கிறோம்’ என்று வேலையிலிருந்து அனுப்பிய நாள் முதல் அறையை விட்டு அதிகம் வராதவள், கேட்டாலும் பேசாதவள். அலறினாள். அப்புறம் தரையிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“எருமை! முட்டை போச்சுடா!”

சேதம்: முட்டைகள். வசூல்: ஒரு முழுச் சிரிப்பு. சூப்பர் ஹிட்.

மார்ச் 7

‘இரும்புக்கண்’ படத்தின் ஏழாம் பாகம், தியேட்டரில் பார்த்தோம். நான், அப்பா, என் வகுப்புத் தோழன் ஸ்க்ரூ (கழன்ற கேஸ், அதனால் அந்தப் பெயர்). அக்காவைக் கூப்பிட்டேன். தலையை மட்டும் ஆட்டினாள், குறுக்காக.

முதல் பாகத்தில் என்ன இருந்தது? ஒரு லிஃப்ட், உள்ளே இரண்டு பேர், வெளியே ஒரே ஒரு ரோபோ. அதையும் முழுசாகக் காட்ட மாட்டார்கள். கதவிடுக்கில் ஒரு சிவப்புக் கண், அவ்வளவுதான். அக்காவும் நானும் ஒரே தலையணைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தோம். இதில் பத்தாயிரம் ரோபோ. ஒன்று வந்தால் பயம். பத்தாயிரம் வந்தால் டிராஃபிக்.

இரண்டில் செத்த கேப்டன் நான்கில் பிழைத்தார். ஐந்தில் மறுபடி செத்தார். இப்போது அவருடைய நகல் வருகிறது. இரண்டில் நான் அழுத அழுகையை யார் திருப்பித் தருவது? நகரத்தை அழித்தாயிற்று, பூமியை அழித்தாயிற்று, இதில் பிரபஞ்சமே காலி. எட்டில் அழிக்க மிச்சமிருப்பது தயாரிப்பாளரின் மானம்தான் – இல்லை, அது ஐந்திலேயே போய்விட்டது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். முதல் பாகம் பார்த்துவிட்டுக் கொஞ்ச நாள் படியேறியே வேலைக்குப் போனவர். இன்று அத்தனை வெடிச்சத்தத்திலும் குறட்டை. சத்தம் நின்றதும்தான் திடுக்கிட்டு எழுந்தார். “என்னடா ஆச்சு?”

ஸ்க்ரூ மட்டும் கைதட்டினான். “மச்சான், ஏழு பாகம்டா!”

“இன்னும் அரை எடுத்தா ஏழரைடா.”

நானாக இருந்தால் ஒன்றோடு நிறுத்தியிருப்பேன். ஜெயித்த இடத்திலேயே எழுந்து வரத் தெரிந்தவன்தான் கலைஞன். (நான்.)

மார்ச் 9

அக்கா நேர்காணலுக்குப் போய் வந்தாள். “சொல்லி அனுப்புறோம்னாங்க.” கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆகவே, ஃப்ரிட்ஜ் இரண்டாம் பாகம். இது வேறு விஷயம். பொதுநலம்.

அதே வசனம், குரலில் கூடுதல் கரகரப்பு. அக்கா சிரித்தாள். வாய் மட்டும்.

மார்ச் 12

மூன்றாம் பாகம். பிரம்மாண்டம். ஸ்க்ரூவிடம் இன்னும் இரண்டு ஸ்பீக்கர் இரவல் வாங்கி, ஃப்ரிட்ஜ், துணி அலமாரி, குளியலறை – மூன்றும் ஒரே நேரத்தில் பேய்ச்சிரிப்பு.

அம்மா அலமாரியிடம், “சரி சரி, சட்டையை எடுத்துக்கறேன், அப்புறம் சிரி” என்றாள்.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “எத்தனை தடவைடா இதையே?”

இந்தக் கேள்வியை நான் எங்கோ கேட்டிருக்கிறேன். கேட்டதே நான்தான். தியேட்டர் வாசலில், போஸ்டரைப் பார்த்து.

மார்ச் 13

கடுப்பு. அந்தப் படக்காரங்க காசுக்காகப் பண்றாங்க. நான் அவ ஒருதரம் சிரிச்சதைப் பார்த்துட்டேன், அதுக்காகப் பண்றேன். அது வேற, இது வேற.

வேறதானே?

மார்ச் 15

ஸ்க்ரூவின் ஸ்பீக்கர்களைத் திருப்பிக் கொடுத்தேன். என்னுடையதை மேசை இழுப்பறையில் போட்டேன். கம்பெனி மூடப்பட்டது.

அக்கா அறைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்தேன். எந்தத் திட்டமும் இல்லை. அப்பா குறட்டை விட்ட கதையைச் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

“கேப்டன் மறுபடி வந்துட்டானா?”

“நகல்க்கா.”

மூக்கால் ‘ஹும்’ என்றாள். அதைச் சிரிப்பில் சேர்க்கலாமா?

மார்ச் 18

பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். ஒன்றுமில்லை. பாத்திரத்தைத் தூக்கினேன். உள்ளே, மிக மெதுவாக:

“டேய்.”

அவ்வளவுதான். கரகரப்பில்லை, பேய்ச்சிரிப்பில்லை. பால் முழுக்கத் தரையில். தெருவில் போன சைக்கிள்காரர் நின்று எட்டிப் பார்த்தார். அலறியது நான்தான் என்று நம்ப எனக்கே சற்று நேரம் பிடித்தது. கூடத்தில் ஒரு போர்வை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

ஏழாம் தேதி நான் எழுதியதை யாரும் படித்துத் தொலைக்காதீர்கள். ஜெயித்த இடத்திலேயே எழுந்து வரத் தெரிந்த இந்தக் கலைஞன், பாலைத் துடைத்தபடி முதலில் கேட்டது இதைத்தான்:

“அக்கா... நாளைக்கும் பண்ணுவியா?”