அரண்மனைச் செங்கல்

14-6-2009, ஞாயிறு. சிதம்பரம்.

இன்றாவது வசந்தாவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கூட்டிப் போனேன். கோயிலில் வாய் வரவில்லை. மாளிகைமேட்டுக்குப் போனோம். பேரரசன் வாழ்ந்த அரண்மனையில் மிச்சம் இருப்பது பள்ளத்தில் கொஞ்சம் செங்கல் சுவர்தான். நான் பேச்சை எடுப்பதற்குள் அவள் உட்கார்ந்து, உடைந்த துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்துவிட்டாள். சொந்த வீடு வேண்டிக்கொண்டு மலைக்கோயில்களில் கல் அடுக்குவார்களே, அதுபோல.

"இது கோயில் இல்ல வசந்தா. இடிஞ்சு போன ஊடு."

"ராஜா ஊடுங்க, ராசியாத்தான் இருக்கும். கடைசிக் கல்ல நீங்க வைங்க."

வைத்தேன். அது விழவில்லை.

புவனகிரி ரோட்டில் நாங்கள் வாங்கிய மனை ஏரிப் புறம்போக்காம். அதில் வீடே கட்ட முடியாது. வெள்ளிக்கிழமை தாலுகா ஆபீசில் சொன்னார்கள். வாங்குவதற்கு முன்பே, "அங்க ஒரு தடவ கேட்டுடலாம் மாமா" என்றான் அவள் தம்பி. எனக்குத் தெரியாததா என்று அவன் வாயை அடைத்தவன் நான்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் பையைத் திறந்து காட்டினாள். கைக்குட்டைக்குள் ஒரு செங்கல் துண்டு.

"நம்ப ஊட்டு அஸ்திவாரத்துல போடலாங்க."

இப்போது அது சாமி மாடத்தில் இருக்கிறது. மஞ்சள், குங்குமம் வைத்திருக்கிறாள். காலையில் குளித்துவிட்டு நானும் அதைக் கும்பிட வேண்டுமாம்.

கும்பிட்டுவிடுவேன். அதுதான் பயமாக இருக்கிறது.