நெத்தலி மேசைக்கு வந்த மூன்று பெண்கள்

மார்ச் 3, செவ்வாய்

சிரொக்கோ காற்று. ஆபிரிக்காவின் செம்மண் முழுவதும் எங்கள் பலேர்மோ வீட்டுப் பால்கனியில். தோய்த்துப் போட்ட வெள்ளைத் துணியெல்லாம் மறுபடி தோய்க்க வேண்டும். தலையிடி.

தொழிற்சாலைக்கு இரண்டு பேர் வந்து அளவெடுத்தார்கள். சிவப்புப் புள்ளி அடிக்கிற கருவி ஒன்று கையில். சுவரில் இருந்து எங்கள் மேசை வரை, மேசையில் இருந்து கதவு வரை. பத்து வருடமாக அங்கே நெத்தலிக்கு முள் எடுக்கிறேன், ஒருவரும் அளந்ததில்லை. மேற்பார்வைக்காரி தீனாவிடம் கேட்டேன். "ஒண்டுமில்லை ரீத்தா, வேலையைப் பார்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பினாள். ஒன்றுமில்லை என்றால் ஏன் திருப்ப வேண்டும்?

வீடு விற்கும்போது அளப்பார்கள். சவப்பெட்டி செய்யும்போது அளப்பார்கள். வேறு எதற்கு?

மார்ச் 4, புதன்

வாங்க: அரிசிமா, தேங்காய்ப்பால், அன்ரனுக்கு இருமல் மருந்து.

என் கணவர் அன்ரன் துறைமுகத்தில், கப்பலுக்குள் ஏற்றும் லொறிப் பெட்டிகளைச் சங்கிலி போட்டுக் கட்டுகிறவர். கடல் விஷயம் எனக்கு முன்னம் அவருக்குத் தெரியும். சாப்பிடும்போது கேட்டேன்.

"இஞ்சேருங்கோ, எங்கடை கொம்பனி இஞ்சையிருந்து போகப்போகுதோ?"

"கொம்பனிக்குக் காலில்லை எண்டு நினைக்காதையும். கப்பல் எங்கை நிக்குதோ அங்கைதான் அதுவும் குந்தும். இஞ்சை இப்ப உல்லாசக் கப்பலுக்குத்தான் இடம் குடுக்கினம். உங்கடை தெருவிலை ஐஸ் அடிச்ச இடம் என்னாச்சு, சொல்லும் பாப்பம்?"

சுற்றுலாக்காரர் குடிக்கிற பார் ஆச்சு. மட்டைப் பெட்டி செய்தவர்கள் கொள்கலன் கப்பல் வருகிற வேறு ஊருக்குப் போனார்கள். கயிறு விற்ற கடை சுற்றுலாக்காரருக்கு அறை. எல்லாம் கடலுக்காக வந்ததுகள், கடலுக்காகவே போய்விட்டன.

யோசித்துப் பார்த்தேன். நாங்கள் ஏன் துறைமுக வேலிக்குப் பின்னால் இருக்கிறோம்? உப்பு நெத்தலி பீப்பாயில் ஆபிரிக்கக் கரையில், துனிஸில் இருந்து கப்பலில் வருகிறது. வெறும் தகரம் நேப்பிள்ஸில் இருந்து கப்பலில். கழுவி, முள் எடுத்து, எண்ணெய் விட்டு அடைத்த பின் ஜெனோவாவுக்கு, அதுவும் கப்பலில். அப்படியென்றால் துனிஸிலேயே முள்ளை எடுத்துவிட்டால் என்ன? நடுவில் பலேர்மோ எதற்கு? பத்தாம் வகுப்போடு நிறுத்திய எனக்கே விளங்குகிறது. முதலாளிக்கு விளங்காமலா இருக்கும்.

மார்ச் 5, வியாழன்

வந்துவிட்டார்கள்.

மூன்று பெண்கள். தலையில் முக்காடு. தங்களுக்குள் அரபு. தீனா கூட்டிக்கொண்டு வந்தாள். "ஏழு நாள் படிப்பியுங்கோ. பிறகு சோதனை." என்னோடு வேலை செய்கிற புஷ்பத்தின் சின்ன மீன் மேசைக்கு இரண்டு பேர். என் பெரிய மீன் மேசைக்கு ஒருத்தி. பெயர் சாமியா. முப்பத்தைந்து இருக்கும். இத்தாலியன் என்னைவிட நன்றாகக் கதைக்கிறாள். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? பீப்பாய் வருகிற இடம்தான். இங்கே பழகி, அங்கே போய் எங்கள் வேலையைச் செய்யப்போகிறார்கள். எங்களைக் கொண்டே எங்கள் கழுத்தை அறுக்கிற வேலை.

என் வேலை ஒப்பந்தம், கொன்ட்ராத்தோ, மே மாதத்தோடு முடிகிறது. இதற்கு முன் எட்டு வருடம் சிஞ்ஞோராக்களின் வீட்டில் வேலைக்காரி. அடுத்த அறையில் இருந்து "ரீத்தா! ரீத்தா!" கழிப்பறை, நாய், கிழவரின் பல். நாற்பத்தாறு வயதில் திரும்ப அதற்குப் போகமாட்டேன். சத்தியமாகப் போகமாட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

தவக்கால வெள்ளி. இறைச்சி இல்லை. எனவே நாள் முழுக்க நெத்தலி, வீட்டில் சூரை. செத்தாலும் இந்த மணம் போகாது.

வேலையின் சூட்சுமம் ஒன்றே ஒன்றுதான். வால் பக்கம் பெருவிரலை விட்டுப் பிரித்தால் நடுமுள் ஒரே இழுவையில் முழுதாக வரும். தலைப் பக்கம் தொடங்கினால் பொடி முள் எல்லாம் சதையோடு நின்றுவிடும். மேலே பார்த்தால் தெரியாது. அடியில் விளக்கு எரிகிற வெளிச்ச மேசையில் வைத்தால் தெரியும்.

சாமியாவுக்குத் தலைப் பக்கம் காட்டினேன்.

"அங்கை புஷ்பம் மற்ற ரெண்டு பேருக்கும் வால் பக்கம் எண்டு சொல்லுறா" என்றாள். நல்ல கண். நான் சளைக்கவில்லை. "அது சின்ன மீனுக்கு. பெரிய மீனுக்கு இப்பிடித்தான்." தலையாட்டினாள். நம்பிவிட்டாள். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது எனக்கு.

உடுப்பு மாற்றும் அறையில் புஷ்பத்தைப் பிடித்தேன்.

"எல்லாத்தையும் காட்டிக் குடுக்கிறியே, உனக்கு விசரே?"

"படிப்பிக்கச் சொன்னவை, படிப்பிக்கிறன். என்னக்கா இப்ப?"

"உன்ரை குழியை நீயே வெட்டுறாய்."

சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. துனிஸில் மேற்பார்வை வேலை தருகிறோம் என்று தீனா ஏதும் சொல்லியிருப்பாளோ?

மார்ச் 9, திங்கள்

தொகுத்து எழுதிப் பார்க்கிறேன்:
- அளவெடுத்தது
- அரபுப் பெண்கள்
- தீனாவின் முகம்
- போன கிழமை பீப்பாய் குறைவு (அன்ரன் சொல்கிறார், கடல் குழப்பம், கப்பல் பிந்தியது. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்)
- புஷ்பம் சிரிப்பது

சாமியா என் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கண் பார்த்தால் கை செய்யும். அதனால் நான் முதுகைக் காட்டி வேலை செய்கிறேன். இடுப்பு நோகிறது. நான் புதிதாக வந்தபோது இந்த ஊர்ப் பெண்கள் எனக்குச் செய்ததும் இதுதான். களவாகப் பார்த்துத்தான் பழகினேன். அப்போது அவர்களைத் திட்டியிருக்கிறேன், என்ன சாதி மனிசர் என்று.

மதியம் பேரீச்சம்பழம் வைத்த பலகாரம் கொண்டுவந்தாள். என் முன்னால் நீட்டினாள். தவக்காலம், இனிப்பு விட்டிருக்கிறேன் என்றேன். பொய். கடதாசியில் சுற்றி வைத்துவிட்டுப் போனாள். கழிப்பறையில் நின்று தின்றேன். நல்ல ருசி. நாசமாய்ப் போக.

மார்ச் 11, புதன்

முதலாளி வந்தார். சாமான் இறக்கும் கதவடியில் போனில் கத்திக்கொண்டிருந்தார். நான் குப்பை வாளியோடு போய் நின்றேன். காதில் விழுந்தது: "ஜூனுக்கு முன்னம் எல்லாத்தையும் ஒரு இடத்துக்குக் கொண்டுவரவேணும். கப்பலுக்குக் கிட்ட. ரெண்டு இடம் வைச்சிருக்க ஏலாது."

இனி என்ன வேண்டும்? நான் சொன்னதுதான், துனிஸ். வாய்விட்டுச் சொன்னேன் அன்ரனுக்கு. "நீர் நல்லாக் கேட்டனீரோ?" என்றார். காது இரண்டும் நன்றாகத்தான் இருக்கிறது எனக்கு.

மகள் வீட்டுப்பாடம், புவியியல். "அம்மா, பலேர்மோத் துறைமுகம் பற்றி எழுதவேணும், என்ன எழுத?" ஏச்சுத்தான் வந்தது வாயில். அடக்கினேன்.

மார்ச் 13, வெள்ளி

கடைசிப் படிப்பு நாள். சாமியா மற்றவர்கள் போன பிறகும் நின்று பழகினாள். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள், பொடி முள் நிற்கிறது. "ஏன் எனக்கு மட்டும் வரேல்லை?" என்று தனக்குள் கேட்டாள். "பழகப் பழக வரும்" என்றேன்.

இன்று கோவிலில் சிலுவைப்பாதை. போகவில்லை. கால் நோ என்று அன்ரனிடம் சொன்னேன்.

மார்ச் 16, திங்கள்

சோதனை. வெளிச்ச மேசையில் தீனா. முதலாளியும் நின்றார். புஷ்பத்தின் இரண்டு பேரும் தேறிவிட்டார்கள். சாமியாவின் தட்டில் முள், தட்டு முழுக்க முள். தீனா உதட்டைப் பிதுக்கினாள். அவ்வளவுதான்.

சாமியா அழவில்லை. ஏப்ரனைக் கழற்றி மடித்தாள். நேரே என்னிடம் வந்து இரண்டு கன்னத்திலும் முத்தம் தந்தாள். "பொறுமையாச் சொல்லித் தந்தீங்கள். என்ரை கைதான் சரியில்லை." நான் என்ன சொன்னேன்? "பரவாயில்லை" என்று சொன்னேன். பரவாயில்லையாம்!

வேலை முடிந்து புஷ்பத்தோடு வியா மக்வேதா கடைத்தெரு வழியாக நடந்தேன். சனம், ஐஸ்கிரீம், பெட்டி இழுக்கிற சுற்றுலாக்காரர். மற்ற இரண்டு பேரும் எப்போது துனிஸுக்குத் திரும்புகிறார்கள் என்று கேட்டேன்.

"ஏன் துனிஸுக்கு?"

"அங்கைதானே பக்டரி போகுது."

புஷ்பம் நின்றுவிட்டாள். "அக்கா, அவை இஞ்சத்தைச் சனம். தெற்குக் கரையிலை ஒரு சின்ன மீன்பிடி ஊர். அப்பன்மார் துனிஸ் பக்கமிருந்து மீன்பிடிக்க வந்து குடியேறினவை. எங்கடை முதலாளிக்கு அங்கையும் ஒரு பக்டரி இருந்தது, சூரை அடைக்கிறது, எல்லாம் மெசின். இஞ்சை கப்பலாலை இறக்கி, லொறியிலை அங்கை கொண்டுபோய், திரும்பக் கப்பலுக்குக் கொண்டுவாறது. ஏன் ரெண்டு செலவு எண்டு அதை மூடியாச்சு. எல்லாம் இஞ்சை வருகுது. அளந்தது புது மேசை போட. மூண்டு பேருக்கு இடம் தாறம் எண்டு சொல்லித்தான் கூப்பிட்டவை. விடிய நாலரைக்கு பஸ் ஏறி வந்ததுகள்."

"உனக்கு ஆர் சொன்னது?"

"அவையைத்தான் கேட்டனான்."

"எனக்கு ஏன் நீ சொல்லேல்லை?"

"நீங்கள் எங்கை அக்கா கேட்டனீங்கள்? நீங்கள் சொல்லிக்கொண்டெல்லோ இருந்தனீங்கள்."

கொஞ்ச தூரம் போன பிறகு, என் முகத்தைப் பார்க்காமல்: "பெரிய மீனுக்குத் தலைப் பக்கம் எண்டு சொன்னீங்களாம்."

நான் நடையைக் கூட்டினேன்.

எனக்கு நடக்கப்போகிறது என்று நான் பயந்தது சாமியாவுக்கு ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. எங்கள் துறைமுகம்தான் அவள் வேலையை இழுத்தது. பின்னாலேயே ஓடி வந்தவளைக் கதவடியில் வைத்து நான் தள்ளிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

மழை. குடை உடைந்தது.

காலையில் வேலை தொடங்க முன்னம் தீனாவிடம் போய்ச் சொன்னேன். தெரிந்துதான் பிழையாகப் படிப்பித்தேன் என்று. எதற்கு அப்படிச் செய்தாய் என்று கேட்டாள். சொன்னேன். ஏச்சு என்றால் ஏச்சு, சிசிலியன் மொழியில், பாதி விளங்கவில்லை. எச்சரிக்கைக் கடிதம் எழுதுவாளாம். பிறகு மேசையில் விரலால் தட்டிக்கொண்டு இருந்தாள்.

"இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. வியாழன் காலமை வரச் சொல்லு. அரை மணித்தியாலம். திரும்பவும் முள் நிண்டால் நீயும் அவளோடை போ."

சரி என்றேன். அன்ரனுக்குச் சொன்னேன். கனநேரம் இருமினார். "சொன்னது நல்லது" என்றார்.

மாலை, தீனா தந்த நம்பரில் சாமியாவுக்குப் போன் எடுத்தேன். முதல் தரம் எடுக்கவில்லை. இரண்டாம் தரம் எடுத்தாள். பின்னால் பிள்ளைகளின் சத்தம். எல்லாம் சொன்னேன். துனிஸ், மே மாதம், தலைப் பக்கம், முதுகைக் காட்டி நின்றது. வியாழன் வாருங்கள் என்றேன். வால் பக்கம் தொடங்குங்கள், சின்ன மீனோ பெரிய மீனோ எல்லாம் வால் பக்கம்தான்.

கட் பண்ணிவிட்டாளோ என்று பார்த்தேன். இல்லை.

"இப்ப வால் பக்கம் எண்டு சொல்லுறீங்கள்."

"ஓம்."

"அண்டைக்குத் தலைப் பக்கம் எண்டு சொன்னீங்கள்."

"ஓம்."

"இது உண்மை எண்டு நான் எப்பிடி நம்புறது?"

மாதா மேல் சத்தியம் செய்ய வாயெடுத்தேன். அவளுக்கு எந்த மாதா? மன்னித்துவிடுங்கள் என்று மறுபடி சொன்னேன். அதை அவள் எடுத்துக்கொள்ளவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை.

"புஷ்பத்தின்ரை நம்பரைத் தாங்கோ. அவவிட்டைக் கேக்கிறன்" என்றாள்.

ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டு, சரிதானா என்று பார்க்க இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.