ஆயுத பூஜைக்கு நான் தடவிய கிரீஸ்

மாப்ள,

இன்று காலை மகளின் காரைச் சர்வீசுக்கு விட்டேன். கண்ணாடி அறையில் உட்காரச் சொன்னார்கள். நான் உட்காருகிற ஆளா? தூக்கி நிறுத்தியிருந்த வண்டிக்கு அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். முன்சக்கரங்களுக்கு நடுவே, குறுக்காக, கட்டைவிரல் தடிமனில் ஒரு கம்பி ஓடியது. அதைக் கவ்வியிருந்த பழைய ரப்பரைக் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டிக்கொண்டிருந்தார்கள். புது ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "சார், இங்க நிக்கக் கூடாது" என்று மேனேஜர் வந்தார். ரப்பரைப் பார்த்து அழுகிற ஆளை அவர் இதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. உன்னிடம் சொல்ல ஒன்று மிச்சம் இருக்கிறது. அதற்குத்தான் இந்தக் காகிதம்.

தொண்ணூறுகளின் நடுவில் என்னிடம் இருந்தது ஒரு வெள்ளை டீசல் கார். காளவாசல் டாக்ஸி ஸ்டாண்டில் போட்டிருந்தேன். பெரும்பாலும் கொடைக்கானல் சவாரிதான். கேரியரில் நாலு பெட்டி, உள்ளே ஏழு பேர். இத்தனையையும் சுமந்துகொண்டு ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வண்டி ஒரு பக்கம் சாயும். பின்சீட்டுக்காரர்கள் வாந்தி எடுக்காமல் மேலே போய்ச் சேர்ந்ததே கிடையாது. ஒரு வாளியும் பினாயில் பாட்டிலும் எப்போதும் டிக்கியில் இருக்கும்.

ஸ்டாண்டுக்கு எதிரேதான் உன் பட்டறை, அதை ஒட்டியே வீடு. லாரிகளின் ஸ்பிரிங் பட்டைகளைக் காய்ச்சி அடித்துச் சீர்செய்வது உன் வேலை. உங்கள் சௌராஷ்டிரக் குடும்பத்தில் எல்லோரும் தறி, சேலை, கடை என்று இருக்க, நீ ஒருவன் இரும்பைக் கட்டிக்கொண்டு அழுதாய். நமக்கு ஒரே வயது, ஒரே டீக்கடை. ஒருநாள் என் வண்டி திரும்பியதைப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "என்னா மாப்ள, ஒன் வண்டி சாமியாடுது? ஒரு பார் போட்ருவமா?"

ஸ்வே பார் என்று அதற்குப் பெயர் என்பதே நீ சொல்லித்தான் தெரியும். ஒரு சக்கரத்துப் பக்கமிருந்து மறுசக்கரத்துப் பக்கத்துக்குப் போகும் ஒற்றைக் கம்பி. வண்டி ஒரு பக்கம் சாயப் பார்த்தால், கம்பி முறுக்கிக்கொண்டு விடமாட்டேன் என்று இழுத்துப் பிடிக்கும். நீ கம்பியைக் காய்ச்சி, என் வண்டிக்கு ஏற்ற மாதிரி வளைத்து, எண்ணெயில் முக்கிப் பதம் ஏற்றினாய். கம்பியைக் கவ்விப் பிடிக்க இரண்டு கிளாம்பு, இரண்டு ரப்பர் புஷ், இரு முனையையும் சக்கரத்துப் பக்கம் இணைக்க லிங்க். நான் ஆர்வத்தில், வண்டி ஜாக்கியில் இருக்கும்போதே நட்டை முறுக்கினேன். என் கையில் ஓர் அடி விழுந்தது.

"சக்கரம் தொங்கிக்கிட்டு இருக்கையில முறுக்காத. வண்டி தரையில நின்னு பாரத்தத் தாங்கணும். அப்பதேன் கடைசி முறுக்கு."

வண்டியை இறக்கினோம். அடியில் நுழைய என் தொந்தி இடம் கொடுக்கவில்லை. நீதான் நுழைந்து முறுக்கினாய். பிறகு தங்கச்சி, அதுதான் உன் மனைவி, கொடுத்த ரசப் பாத்திரத்தை மூடி போடாமல் பின்சீட்டில் வைத்து, அழகர்மலை வளைவுகளில் என்னை ஓட்டச் சொன்னாய். திரும்பி வந்து பார்த்தால் சீட்டில் ஒரு கைப்பிடி ரசம்தான் சிந்தியிருந்தது. பாக்கியை அங்கேயே நின்று குடித்தோம். அந்த மாதமே ஸ்டாண்டில் இன்னும் நாலு பேர் உன்னிடம் பார் போட்டுக்கொண்டார்கள். "மாசம் ஒருக்கா நட்டைப் பாருங்கடா, அம்புட்டுதேன்" என்று எல்லோரிடமும் சொல்லி அனுப்பினாய்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. கல்யாணத்துக்குக்கூட நான் அவ்வளவு குளித்ததில்லை, வண்டியை அப்படிக் குளிப்பாட்டுவேன். சந்தனம், குங்குமம், வாழைக்கன்று எல்லாம் மேலே. அடியில் என் வழக்கப்படி ஒரு டப்பா கிரீஸ். அசைகிற இடம் ஒன்று விடாமல் தடவுவேன், சாமிக்கு எண்ணெய்க்காப்பு மாதிரி. அந்த வருஷம் உன் பாருக்கு மட்டும் இரண்டு பங்கு. ரப்பர் மேலேயே அப்பி வைத்தேன். நீ செய்தது என்ற பாசம்.

பொங்கல் விடுமுறையில், கொடையிலிருந்து இறங்கும்போது, அடியில் டொக் டொக் என்று சத்தம். ஒரு வளைவில் வண்டி சட்டென்று வெளிப்பக்கம் சாய்ந்தது. பின்சீட்டில் இருந்த பெண், கைக்குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அலறினாள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வத்தலக்குண்டு வந்ததும் குடும்பமே இறங்கிப் பஸ் ஏறிவிட்டது. நான் வெற்று வண்டியை ஓட்டிக்கொண்டு நேராக உன் பட்டறைக்கு வந்தேன்.

அன்று நான் பேசியது எனக்கு ஒரு சொல்லும் மறக்கவில்லை. "ஓட்டை இரும்ப வளச்சுக் குடுத்து ஏழு உசுர எடுக்கப் பாத்தியேடா! இது பாரா, பாடையா?" ஸ்டாண்டே கூடி நின்றது. "நான் பாத்துச் சொல்றேன் மாப்ள" என்றாய். நான் உன்னைப் பார்க்கவே விடவில்லை. அங்கேயே கழற்றி, டிக்கியில் எறிந்து, எங்கள் அலங்காநல்லூர்த் தோட்டத்து மோட்டார் ரூமில் கொண்டுபோய்ப் போட்டேன். மறுநாளே இரண்டு டிரைவர்கள் பாரைக் கழற்றிவிட்டார்கள். மற்ற இரண்டு பேர், "நல்லாத்தானே ஓடுது" என்று விட்டுவிட்டார்கள். அதன்பிறகு காருக்கு பார் கேட்டு யாரும் உன்னிடம் வரவில்லை. நாம் பேசிக்கொள்ளவும் இல்லை. நான் டீக்கடையையே மாற்றிக்கொண்டேன்.

முழுசாக ஒரு வருஷம். அடுத்த பொங்கலுக்கு முன்னால் தோட்டத்து இன்ஜினில் எண்ணெய் ஒழுகி, பம்போடு இணைக்கும் ரப்பர் பிய்ந்துபோயிற்று. சரிசெய்ய வந்தவர் அதைப் பிதுக்கிக் காட்டினார். "எண்ணெ, கிரீசு பட்ட ரப்பரு அம்புட்டுதேண்ணே. ஊறி ஊதி, கொழகொழன்னு ஆயிரும்."

மூலையில் கிடந்த உன் பாரை இழுத்தேன். அதிலிருந்த ரப்பரை அழுத்தினேன். சாம்பாரில் ஊறிய இட்லி மாதிரி விரலோடு வந்தது. ரப்பர் போனதால்தான் கம்பி பிடிமானம் இல்லாமல் ஆடியிருக்கிறது. கம்பியை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, வெயிலில் வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. மற்ற இரண்டு வண்டிகள் ஏன் நன்றாக ஓடின என்பதும் அப்போதுதான் புரிந்தது. அவர்கள் சோம்பேறிகள். ஆயுத பூஜைக்கு பானட்டில் சந்தனம் வைத்ததோடு சரி.

உடனே வந்தேனா? இல்லை. ஊர் பார்க்கத் திட்டியதை ஊர் பார்க்கத்தானே திரும்ப எடுக்க வேண்டும்? எந்த முகத்தோடு வருவது என்று ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே குமைந்தேன். எட்டாம் நாள், பாரைக் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தேன். ஸ்டாண்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன்: "இவன் பாரு சுத்தம். ரப்பர்ல கிரீசத் தடவிக் கெடுத்த முட்டாப்பய நாந்தேன்."

நீ என்னைத் திட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கம்பியை வாங்கி, வளைவுகளில் விரலை ஓட்டினாய். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிச் சத்தம் கேட்டாய். "பதம் நிக்குதுல்ல?" என்று என்னிடம் கேட்டாய். நிற்கிறது என்றேன். சட்டென்று வீட்டுக்குள் ஓடி, தங்கச்சியிடம் உங்கள் மொழியில் ஏதோ சொன்னாய். குரல் உடைந்திருந்தது. என்னை ஏசுகிறாய் என்றுதான் நினைத்தேன். ஏசட்டும், ஏசினால் தீர்ந்தது என்று நின்றேன். வெளியே வந்து, "கிரீஸ் போடாதன்னு நாந்தேன் சொல்லி வச்சிருக்கணும், மாப்ள" என்றாய். டீ சொன்னாய். அதற்குமேல் அந்தப் பேச்சை நாம் எடுத்ததே இல்லை.

உன் காரியத்தன்று தங்கச்சியிடம் கேட்டேன், அன்றைக்கு உள்ளே போய் என்னதான் சொன்னான் என்று. அந்த அழுகையிலும் அதற்கு மட்டும் லேசாகச் சிரித்தது.

"'இனி யாரும் சாக மாட்டாக'ன்னு சொன்னாருண்ணே. அந்த ரெண்டு காரு மலைக்குப் போயிருந்தா, திரும்பி வார வரைக்கும் வாசல்லதேன் நிப்பாரு. சாப்பிடவும் வர மாட்டாரு. ஒரு வருசமும் அப்படித்தேன்."

பதம் தவறிவிட்டது, எங்கேயோ ஒரு வளைவில் கம்பி உடையும் என்று நீ நம்பியிருக்கிறாய். அந்த இரண்டு பேரிடமும் போய்க் கழற்றச் சொல்லிக் கெஞ்சினாயாம். அவர்கள் சிரித்தார்களாம். நான் உன் பெயரைக் கெடுத்துவிட்டேன் என்று மட்டும்தான் இத்தனை நாள் வருந்திக்கொண்டிருந்தேன். நீ பெயரைப் பற்றிக் கவலையே படவில்லை.

மாப்ள, சொல்ல மிச்சம் இருந்தது இதுதான். தப்பு என்னுடையது என்று தெரிந்த பிறகும் ஏழு நாள் வீட்டில் இருந்தேன். அந்த ஏழு நாளும் நீ வாசலில் நின்றிருக்கிறாய். அதற்கு என்னை மன்னித்துக்கொள். எட்டாம் நாளும் வராமல் இருந்திருந்தால் என்ற நினைப்பில் இப்போதும் உடம்பு வியர்க்கிறது. நல்லவேளை, வந்துவிட்டேன். இப்போதெல்லாம் யாரிடமாவது தப்பாகப் பேசிவிட்டேன் என்று தெரிந்தால் மறுநாள்வரை வைத்துக்கொள்வதில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். அவர்கள் எங்கே நின்றுகொண்டிருக்கிறார்களோ, யார் கண்டது.