அம்மாவுக்குக் குளச்சல்

நாரணாபுரம்

அன்பு மகள் இசைவாணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் வெயிலைத் திட்டிக்கொண்டு சுகமாக இருக்கிறோம், அந்த டென்மார்க் குளிரில் நீ சுகமாக இருக்கப் பத்திரகாளியம்மன் துணை.

குளிர்காலத்துக்கு வந்து தங்க ஒரு கடலோர வீடு வாங்கப் போகிறேன், நீங்களும் அங்கேயே இருக்கலாம், உவரியையும் குளச்சலையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றாய். உவரிதான் என்று அப்பா போனில் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிற மனிதர் முன்னால் நான் என்னத்தைச் சொல்ல, அதனால்தான் இந்தக் கடிதம். அப்பா போர்மேன் வேலையை விட்டு ஒரு வருஷமாகிறது, வேலைதான் அவரை விடவில்லை. பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறைக்குள் போகுமுன் பொறி பறக்காமலிருக்கச் செம்புத் தகட்டைத் தொடுகிற பழக்கத்தில், வீடு பார்க்கப் போன இடத்திலும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தாழ்ப்பாளைத் தொட்டுக்கொண்டுதான் உள்ளே போனார். உவரியில் வறண்ட காற்று, மொட்டைமாடியில் கையை வைத்துப் பார்த்து, காயப்போட அருமையான இடம் என்று பூரித்துப் போனார். குளச்சலில் ஒரே தென்னையும் மழையும். சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இங்கன ஒரு ராத்திரி வச்சா அம்புட்டும் நமுத்துப் போயிரும்" என்று முகத்தைச் சுளித்தார். நம்மிடம் இப்போது என்ன சரக்கு இருக்கிறது நமுத்துப் போக என்று கேட்டேன், மறுபடியும் சுவரைத்தான் தடவினார்.

எனக்கு அந்த ஈரம்தான் பிடித்தது தாயி. கொடியில் போட்ட சேலை சாயங்காலம் வரை காயவில்லை. கடல் எது வானம் எது என்று தெரியாமல் எல்லாம் வெள்ளையாகக் கிடந்தது, பார்த்துக்கொண்டே இருந்தேன், வீட்டுக்காரம்மா விரித்துப்போட்ட பாயில் அப்படியே கண் சொருகிவிட்டது. இங்கே எங்காவது டமார் என்றால் தெருவுக்கு ஓடி, அப்பாவின் கம்பெனி இருக்கிற தாயில்பட்டிப் பக்கம் புகை எழுகிறதா என்று பார்ப்பேன். அப்பா வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதுகூட ஓடுகிறேன், அவர் சிரிக்கிறார். குளச்சலில் அலை பாறையில் மோதிப் பெரிய சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு. நீ எடுக்கிற காரியமெல்லாம் துலங்கும், நீ நல்லா இருப்பாய். ஒன்றை மட்டும் மறக்காதே. குளச்சல் வேண்டுமென்று அப்பாவிடம் உன் ஆசையாகச் சொல்லாதே. அம்மா கேட்டாள் என்றே சொல்.

உன் அம்மா
சண்முகத்தாய்